கணக்கு ஒவ்வாத வேளை

தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொழுந்து மட்டம் இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மற்றை நேயர்களுக்காக ஒரு வார்த்தை கூறிவிடுகின்றேன். காலை, பகல், மாலை என நாளுக்கு மூன்று முறை பெண்கள் தாம் கொய்த கொழுந்தைக் கொணர்ந்து நிறுத்துக் கொடுப்பார்கள். அந்த வேளைக்கும் இடத்துக்கும் கொழுந்து மட்டம் என்று பெயர். தராசின் பக்கத்திலே கணக்கப்பிள்ளை ஏடும் பேனாவுமாக நிற்பார். ஒவ்வொருத்தியின் பெயருக்கு நேரே அவளுடைய கொழுந்தின் நிறை எழுதப்படும். ஈற்றில் எல்லா நிறைகளையும் கூட்டி மொத்தம் எழுதப்படும்.

என் தகப்பனார் டிக்கோயாப் பகுதியில் ஒரு தோட்டத்திலே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மழை பெய்து ஏடு நனைந்து ஓர் எண் அழிந்து போவது அங்கே வழக்கமான காரியம். அப்பொழுது அவர் சிறிதும் கலங்கமாட்டார். மொத்தத்திலிருந்து மற்றைப் பெயர்களின் நிறைகளைக் கழிப்பார். எஞ்சி நிற்பது அழிந்து போன எண். ஆனால் எண்கள் எல்லாம் தெளிவாக இருந்தும் கூட்டிப் பார்க்கையில் மொத்தத்தோடு ஒவ்வாது நின்றால், அவர் முகம் மாறிவிடும். "கணக்கு ஒவ்வாவிட்டால் முதலில் பேனாவை மூடு" என்று எங்களுக்கும் சொல்லி வைத்தார். இந்த வார்த்தையின் பொருள், அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், ஒரு கணினிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு முற்றும் விளங்கியது. அந்தக் கதையையும், அதனோடு சேர்ந்த செய்முறையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கணினித் தொழிலில் வல்லவன் அல்லேன். அட்டனில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலே ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கின்றது. கொழும்பிலே தொழில் செய்யும் என் மருமகன், என் சகோதரியின் புதல்வன், அமைத்துத் தந்தது. அதனுள்ளே நான்கு வன்தட்டுகள் உள்ளன. வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதிலே கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம்.

அதிலே என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன; கலியாண வீட்டு ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. ஆனால் நான் கண்போலக் காப்பது வேறொன்று. பாட்டனார் காலந்தொட்டு ஒரு தகரப் பெட்டிக்குள்ளே கிடந்த கடதாசிகளின் பிரதிகள் அவை.

மலைநாட்டுக் குடும்பம் ஒன்றுக்குக் கடதாசி என்றால் அது சாதாரணப் பொருள் அன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் எம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே 3 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததாகக் காட்டினால்தான் பிரசைகளாகப் பதியலாம் என்று அது விதித்தது. காட்டுவது எதைக் கொண்டு? தோட்டத்துச் செக்ரோலில் இருந்த பெயரைக் கொண்டு. பிறப்புப் பதிவைக் கொண்டு. இன்ன ஆண்டு முதல் இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் கடிதத்தைக் கொண்டு. ஒரு தாள் காணாமற் போனால் ஒரு குடும்பத்தின் வழக்கே காணாமற் போகும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தபோதும், மக்கள் தகரப் பெட்டியைத் திறந்து தாளைத்தான் தேடினார்கள்.

எங்கள் பெட்டியிலும் அப்படியொரு கடிதம் இருந்தது. பாட்டனார் எந்த ஆண்டு முதல் தோட்டத்திலே பேர் போட்டவர் என்பதைச் சொல்லும் சான்று அது. மூலத்தாளிலே பூஞ்சணம் பிடித்துவிட்டது, மடிப்புகள் உதிர்ந்துவிட்டன. உதிரும் முன்னே எடுத்த படமே இன்று எமக்கு அந்தக் கடிதம்.

இனி, அந்தப் பெட்டி இவற்றைக் காக்கும் விதத்தைப் பார்ப்போம். நான்கு தட்டுகளுள் மூன்றிலேதான் கோப்புகள் உள்ளன. நான்காவது தட்டிலே கோப்பு ஒன்றுமில்லை. மற்றை மூன்றுக்கும் உரிய ஒரு மொத்தக் கணக்கு மாத்திரம் இருக்கின்றது. இதனை ஆங்கிலத்தில் பாரிட்டி என்பர். இவ்வுரையில் நாம் சமன் கணக்கு என்போம்.

கொழுந்து மட்டத்தை மறுபடியும் நினைத்துக் கொள்ளுங்கள். மூன்று பெண்கள் முறையே 7, 9, 6 கிலோ கொழுந்து கொடுத்தார்கள், மொத்தம் 22. இரண்டாவது எண் மழையில் அழிந்தது. 22 இலிருந்து 7 ஐயும் 6 ஐயும் கழித்தால் 9 மீண்டு வருகின்றது. மூன்று எண்களைக் காக்க இன்னும் மூன்று எண்களை எழுதி வைக்க வேண்டியதில்லை; ஒரே ஒரு மொத்தம் போதும்.

கணினியின் கணக்கு இதனிலும் எளியது. அங்கே 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே உண்டு. இந்த இலக்கத்தைப் பிட்டு என்பார்கள். மூன்று தட்டுகளிலும் ஒரே வரிசையில் உள்ள பிட்டுகளை எடுத்துக் கொள்வோம். அவை 1, 0, 1 என்று வைத்துக் கொள்ளுங்கள். இவற்றிலே இரண்டு ஒன்றுகள் உள்ளன. இரண்டு இரட்டைப்படை எண். ஆதலின் சமன் தட்டிலே 0 எழுதப்படும். 1, 1, 1 என்று இருந்தால் மூன்று ஒன்றுகள், அது ஒற்றைப்படை. அதனை இரட்டையாக்கும் பொருட்டுச் சமன் தட்டிலே 1 எழுதப்படும். எந்த வரிசையைப் பார்த்தாலும் நான்கு தட்டிலுமுள்ள ஒன்றுகளின் தொகை இரட்டையாகவே இருக்க வேண்டும். இதுவே விதி. ஒரு தட்டு பழுதாகி விழுந்துவிட்டால், மீதி மூன்றையும் எண்ணிப் பார்த்து, தொகையை இரட்டையாக்குவதற்கு எது வேண்டுமோ அதனை எழுதிக் கொண்டே போனால், விழுந்த தட்டு புதுத் தட்டிலே உயிர் பெற்று எழும்.

இது புதிய தந்திரம் அன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையே, மலிவான தட்டுகள் பலவற்றை இவ்வாறு ஒன்று சேர்க்கும் முறைக்கு ரெய்ட் என்னும் பெயரைத் தந்தது. நம் சட்டைப் பையிலுள்ள தேசிய அடையாள அட்டையிலும் இதன் உறவினர் ஒருவர் இருக்கின்றார். அந்த எண்ணின் இலக்கங்களுள் ஒன்று, மற்றை இலக்கங்கள் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று பார்ப்பதற்காக வைத்த சரிபார்ப்பு இலக்கமே.

மாதத்துக்கு ஒரு முறை, முதலாம் ஞாயிறு இரவு, எங்கள் பெட்டி நான்கு தட்டுகளையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்து, ஒன்றுகளின் தொகை எங்கும் இரட்டையாக உள்ளதா என்று சோதிக்கும். எட்டு மணி நேரம் வரை செல்லும். காலையில் எழுந்து பார்த்தால், பிழை 0 என்று ஒரு வரி இருக்கும். நான் தேநீர் அருந்தச் செல்வேன்.

2025 ஒக்டோபர் மாதத்து முதலாம் ஞாயிறு கழிந்த காலையிலே அந்த வரியில் 5 என்று இருந்தது. கீழே ஒரு பொத்தான்: திருத்துக.

நேயர்களே, அந்தப் பொத்தானை அழுத்த என் விரல் சென்றதென்பதை மறைப்பானேன்? பிழை என்கிறது, திருத்தவா என்று கேட்கிறது, ஆம் என்பதே இயல்பான மறுமொழி. நல்ல வேளையாக அதற்கு முன் மருமகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் கேட்ட முதல் வார்த்தை, "மாமா, எதையாவது அழுத்தினீர்களா?" என்பது. இல்லை என்றேன். "அழுத்தாதீர்கள். அந்தப் பொத்தான் கோப்பைத் திருத்தாது. கோப்பு இருக்கிறபடியே சரி என்று கொண்டு மொத்தத்தை மாற்றி எழுதிவிடும்" என்றான்.

இந்த இடத்திலேதான் தகப்பனாரின் பேனா எனக்கு நினைவுக்கு வந்தது. 7, 9, 6 என்று ஏட்டிலே இருக்கின்றது, மொத்தம் 22 என்று இருக்கின்றது, எல்லாம் சரி. நாளைக்குப் பார்த்தால் 7, 6, 6 என்று இருக்கின்றது. மொத்தமோ 22 ஆகவே நிற்கின்றது. கணக்கு ஒவ்வவில்லை. எது பிழை? அவசரக்காரன் ஒருவன் மொத்தத்தை 19 என்று திருத்தினால், அந்த நிமிடமே கணக்கு நேராகிவிடும். எவரும் குறை காண முடியாது. ஆனால் இரண்டாவது பெண்ணின் மூன்று கிலோ போய்விட்டது. அவள் கொய்தாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பழைய மொத்தம். அதனையும் அழித்தாயிற்று. நேரான கணக்கு உண்மைக் கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சமன் கணக்கின் வல்லமையும் குறைபாடும் ஈதே. ஒரு தட்டு முற்றாக விழுந்துவிட்டால், விழுந்தது எதுவென்று தெரியும், ஆதலால் மீட்கலாம். எல்லாத் தட்டும் நின்றுகொண்டு, ஒன்று மாத்திரம் பொய் சொன்னால், பொய் ஒன்று உண்டு என்று சமன் கணக்குச் சொல்லும். பொய்யன் எவன் என்று சொல்லாது. சமன் தட்டுத்தானே பொய் சொல்லவும் கூடும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணித அறிஞர் 1947 இல் இதே இடர்ப்பாட்டில் அகப்பட்டார். வார இறுதியில் ஆளில்லாத வேளையிலே கணிப்பு இயந்திரத்திடம் வேலையை ஒப்படைத்துச் செல்வார். அது பிழை கண்ட மாத்திரத்தில் அவ்வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். பிழை உண்டென்று அறியும் இயந்திரம், அது எங்கே உண்டென்றும் அறிந்து திருத்தலாகாதோ என்று அவர் சிந்திக்கலானார். அச்சிந்தனையின் பயனாகிய கட்டுரை 1950 இல் வெளிவந்தது.

அவருடைய வழியின் சாரத்தையும் கொழுந்து ஏட்டிலே காட்டலாம். பெண்களின் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். காலை, பகல், மாலை என மூன்று மட்டத்து நிறைகளையும் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அன்றைய மொத்தம் ஒன்று. ஒவ்வொரு மட்டத்துக்கும் மொத்தம் ஒன்று. இப்பொழுது எங்கோ ஓர் எண் தவறிவிட்டால், ஒரு பெண்ணின் மொத்தமும் ஒவ்வாது, ஒரு மட்டத்தின் மொத்தமும் ஒவ்வாது. இரண்டும் சந்திக்கும் கட்டமே தவறிய கட்டம். ஒரு சாட்சி பிழை உண்டு என்றது. இரண்டாவது சாட்சி அது எங்கே என்றது. ஆகவே, வீட்டுப் பெட்டியில் சமன் பிழை கண்டவர் தேட வேண்டியது இரண்டாவது சாட்சியையே.

நாங்கள் தேடிய முறையை வரிசையாகச் சொல்கின்றேன். இத்தகைய பெட்டி வைத்திருப்போர் குறித்துக் கொள்ளலாம்.

முதலாவது, எதையும் திருத்தாமல், ஈடு செய்ய முடியாத கோப்புகளை வேறொரு தட்டிலே பிரதி செய்து, அந்தத் தட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்தோம். ஏற்கெனவே வெளியே இருந்த பழைய பிரதியின் மேல் எழுதவில்லை. கெட்ட கோப்பு நல்ல பிரதியை மூடிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, நாட்குறிப்பைப் பார்த்தோம். முந்திய மாதத்திலே மின்சாரம் திடீரென்று நின்றதா? பெட்டி எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கோப்புத் தட்டிலே புது எண் விழுந்திருக்கும். சமன் தட்டிலே பழைய மொத்தமே நிற்கும். நிறையை எழுதிவிட்டு மொத்தத்தை மாற்றுவதற்குள் மழைக்கு ஓடியதற்கு ஒப்பானது இது. சமன் பிழைகளுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே. நம் நாட்டிலே இதற்குக் குறைவில்லை. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் தேதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. மலைநாட்டிலோ இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களிலே பிற்பகல்தோறும் இடிமின்னல் உண்டு. ஆதலின் மின்கலத்தோடு கூடிய யூ.பி.எஸ். ஒன்று இல்லாமல் சேமிப்புப் பெட்டி வைத்தல் ஆகாது. மின்கலம் தீருமுன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணையும்படியும் அமைக்க வேண்டும். எங்களிடம் அது இருந்தது. பெட்டி ஒரு முறையேனும் ஒழுங்கின்றி அணைந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே காரணம் வேறு.

மூன்றாவது, மறுநாள் இரவும் சோதனையை ஓட்டினோம். வாசிக்க மாத்திரம், எழுதுவதற்கு அன்று. இந்தப் படியை எவரும் தவறவிடலாகாது. இரண்டு சோதனையிலும் அதே இடங்களில் அதே பிழைகள் வந்தால், தட்டிலே எழுதப்பட்டிருப்பதே ஒவ்வவில்லை என்று பொருள். வேறு வேறு இடங்களில் வந்தால், எழுதப்பட்டது சரியாக இருக்கலாம். வாசிக்கும் வழியிலே கோளாறு உள்ளது என்று பொருள். ஏட்டில் பிழையா, ஏட்டை வாசிப்பவன் கண்ணில் பிழையா என்று பிரித்து அறிவது போன்றது. எங்களுக்கு முதல் இரவு 5 பிழை. மறு இரவு 7. இரண்டு இடங்கள் மாத்திரமே பொதுவானவை. மற்றவை இடம் மாறியிருந்தன. கண்ணிலும் பிழை, ஏட்டிலும் பிழை!

நான்காவது, வடங்கள். தட்டுக்கும் பெட்டியின் தாய்ப்பலகைக்கும் இடையே செல்லும் வடம் தளர்ந்தாலும், அதன் முனையிலே ஈரத்தால் களிம்பு ஏறினாலும் வாசிப்புத் தடுமாறும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. வன்தட்டுகள் பொதுவாக 3,000 மீற்றர் வரை இயங்கத் தக்கவை. ஆகவே உயரத்தால் கேடில்லை. கேடு செய்வது ஈரப்பதமே. குளிர்ந்த அறையில் அணைந்து கிடந்த பெட்டிமேல் இளஞ்சூடான ஈரக்காற்றுப் பட்டால் உள்ளே பனித்துளி படியும். அப்படியான பெட்டியை உடனே இயக்காமல் உலரவிட வேண்டும். வடத்தின் குற்றத்தை அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் அட்டவணையிலே 199 ஆம் வரி, வடத்திலே நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையைக் காட்டும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் வடத்தை மாற்றுக. எங்கள் தட்டுகளில் அது ஏறவில்லை.

ஐந்தாவது, தட்டுகள். அதே அட்டவணையிலே 5 ஆம் வரி, கெட்டுப் போனதால் ஒதுக்கி வேறிடம் மாற்றிய பகுதிகளைச் சொல்லும். 197 ஆம் வரி, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளைச் சொல்லும். 198 ஆம் வரி, மீளாதவற்றைச் சொல்லும். இவை வளர்ந்து கொண்டே போனால் அந்தத் தட்டு மரணப் படுக்கையில் இருக்கின்றது. சமன் கணக்கு நல்ல நிலையில் இருக்கும்போதே அதனை மாற்ற வேண்டும். தட்டு தானாகவே செய்யும் நீண்ட சோதனையையும் ஓட்டினோம். நான்கும் நலமாகவே இருந்தன.

ஆறாவது, நினைவகம். தட்டிலிருந்து வாசித்தவை எல்லாம் கணக்கிடப்படுமுன் தங்கிச் செல்லும் திண்ணை அது. அதிலே ஒரு பிட்டு அவ்வப்போது தானாகப் புரண்டால், பிழை ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடத்தில் தோன்றும். மெம்டெஸ்ட் என்னும் இலவச நிரல் நினைவகத்தை மட்டும் சோதிக்கும். ஓர் இரவு முழுவதும் அதனை ஓடவிட்டோம். விடியற்காலையில் திரை முழுவதும் சிவப்பு வரிகள். இரண்டு நினைவகப் பலகைகளில் ஒன்று கெட்டிருந்தது. அதனை அகற்றிவிட்டு மீண்டும் சோதித்தோம். இடம் மாறித் திரிந்த பிழைகள் அடியோடு மறைந்தன. இரண்டு மட்டும் எஞ்சின. மறு இரவும் அதே இரண்டு, அதே இடங்களில்.

கெட்ட நினைவகம் வாசிக்கும்போது மாத்திரம் ஏமாற்றியிருக்கவில்லை. எழுதும்போதும் இரண்டு முறை ஏமாற்றியிருக்கின்றது. இப்பொழுது ஏட்டிலே உண்மையாகவே இரண்டு இடங்கள் ஒவ்வவில்லை. பிழை கோப்பிலா, மொத்தத்திலா? இதற்கே இரண்டாவது சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி எங்களிடம் இருந்தது. கடதாசிகளைப் படமெடுத்த காலத்திலேயே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ரேகை எண் கணித்து வைக்கும்படி மருமகன் சொல்லியிருந்தான். கோப்பிலுள்ள எல்லாப் பிட்டுகளையும் ஒரு சூத்திரத்தில் இட்டுப் பிழிந்தால் நீண்ட ஓர் எண் வரும். கோப்பிலே ஒரே ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். மனிதனுக்கு விரல் ரேகை எப்படியோ, கோப்புக்கு இந்த எண் அப்படி. இன்று இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள் இதனைத் தாமாகவே ஒவ்வொரு பகுதிக்கும் குறித்து வைத்து, பொய்யான தட்டை இனங்கண்டு, சமன் கணக்கைக் கொண்டு திருத்தியும் விடுகின்றன. எங்களுடைய எளிய பெட்டியிலே அந்த வசதி இல்லை. நாங்களே கணித்து வைத்த பட்டியலோடு எல்லாக் கோப்புகளையும் ஒப்பிட்டோம்.

ஒரே ஒரு கோப்பு ஒவ்வவில்லை. பாட்டனாரின் கடிதம்.

திறந்து பார்த்தேன். மேற்பாதி தெளிவாக இருந்தது. தோட்டத்தின் பெயர், பாட்டனார் பெயர் இருந்தன. கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறக் கறை. எந்த ஆண்டு முதல் என்ற வரியும் கையொப்பமும் கறைக்குள்ளே மறைந்துவிட்டன. படக் கோப்பிலே ஒரு பிட்டு புரண்டால் அதற்குப் பின்வரும் பகுதி எல்லாம் குலைந்து போவது உண்டாம். அன்று காலை அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், சமன் கணக்கு இந்தக் கறையையே உண்மை என்று ஏற்றுக் கொண்டிருக்கும். மறு மாதம் பிழை 0 என்று வரி வந்திருக்கும். நானும் தேநீர் அருந்தச் சென்றிருப்பேன்.

நல்ல பிரதி எங்கிருந்து வந்தது? நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து வந்தது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் எம்மவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. அந்தப் பங்கீட்டிலே என் சிற்றப்பா குடும்பம் அக்கரை சேர்ந்தது. அட்டன் புகையிரத நிலையத்திலே அன்று எழுந்த அழுகை இன்றும் என் காதிலே உண்டு. சிற்றப்பாவின் மகன் வீட்டிலே ஒரு தட்டு இருக்கின்றது. தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் கோப்புகளின் பிரதி அதிலே புதுப்பிக்கப்படும். பழைய பிரதியும் அழிக்கப்படாது. அவன் அனுப்பிய கோப்பின் ரேகை எண்ணைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தோம். இலக்கத்துக்கு இலக்கம் ஒத்தது. கெட்ட கோப்பை அகற்றி நல்லதை வைத்தோம். எல்லாக் கோப்பும் சரி என்று ரேகைப் பட்டியல் சாட்சி சொன்ன பின்னரே, மொத்தத்தைத் திருத்தும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த சோதனையில் பிழை 0. இந்தப் பூச்சியத்தை நம்பலாம்.

முடிக்கும் முன் இன்னொன்று சொல்ல வேண்டும். சமன் கணக்குப் பிரதி ஆகாது. ஒரு தட்டு விழுந்தால் அது காக்கும். தவறி அழித்த கோப்பை அது காக்காது. அழித்ததற்கு ஏற்ப மொத்தத்தையும் உடனே மாற்றிக் கொள்ளும். தீயிலிருந்தும் திருட்டிலிருந்தும் காக்காது. எல்லாத் தட்டுகளும் ஒரே பெட்டிக்குள்ளே, ஒரே கூரையின் கீழே அல்லவா இருக்கின்றன?

மலையிலே வாழும் நமக்கு இது வெறும் எச்சரிக்கை அன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. எங்கள் பெட்டி சரியாகி இரண்டு மாதம் செல்லுமுன், 2025 நவம்பர் இறுதியிலே டிட்வா சூறாவளி வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலே மண்சரிவுகள் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றன. உயிர் பிழைத்தவர்களிடம் மறுவாரமே அடையாள அட்டை எங்கே, பிறப்புப் பதிவு எங்கே என்று கேட்கும் நிலை வரும். மண்ணுக்குள்ளே புதைந்த தகரப் பெட்டிக்கு எந்தச் சமன் கணக்கும் உதவாது.

ஆகவே, முக்கியமான கடதாசிக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை ஒரே வகைப் பொருளில் இராமல், இரண்டு வகையில் இருக்கட்டும். ஒன்றாவது வேறோர் ஊரில் இருக்கட்டும். இதற்கு நான்கு தட்டுப் பெட்டி வேண்டும் என்பதில்லை. லயத்து அறையிலே வாழும் குடும்பமும் கைப்பேசியால் நல்ல வெளிச்சத்திலே படமெடுக்கலாம். ஒன்றைக் கைப்பேசியிலும், ஒன்றைச் சிறிய நினைவட்டையிலும் வைக்கலாம். ஒன்றைக் கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதியை நம்புதல் ஆகாது.

குடும்பத்தை இரண்டாகப் பிரித்த அந்த ஒப்பந்தத்தை நான் என்றும் வாழ்த்தியதில்லை. ஆயினும், பிரிந்தவர் கையிலே பத்திரமாக இருந்த படந்தான் பாட்டனாரின் ஆண்டை எங்களுக்குத் திருப்பித் தந்தது. அதனை இப்பொழுது கடதாசியிலும் அச்சிட்டு, பழைய தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கின்றேன். தகப்பனாரின் பேனாவும் அதற்குள்ளேதான் இருக்கின்றது, மூடியபடி.